அடுப்போரம் வைத்த கொசுத் தட்டு

21.1.2002 தேதியிட்ட உள்நாட்டுக் கடிதம் ஒன்று, கோயமுத்தூரிலிருந்து:

"மாமா, நலம். உங்கள் வெப்பமானியோடு ஒன்பது நாள் கொல்லிமலைக்கு வர முடியுமா? வெப்பமானியை மட்டும் கொடுத்தாலே போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கொடுக்க மாட்டீர்கள் என்பது நினைவுக்கு வந்தது. கம்பளி கட்டாயம். கொசுவலை வேண்டாம்; கொசு கடித்தால் எனக்குச் சொல்ல வேண்டும். தேன்மொழி."

தேன்மொழி என் அக்கா மகள். கொசுக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நான் நாமக்கல்லில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தேதி ஒன்று தவறினால் ஒரு குடும்பமே கோர்ட்டுக்குப் போகும் என்ற பயத்திலேயே வேலை செய்ததால், ஓய்வுக்குப் பிறகும் எதையாவது தேதி போட்டு எழுதாமல் இருக்க முடிவதில்லை. என் வீட்டுச் சுவரில் தொங்குவது சாதாரண வெப்பமானி அல்ல. இங்கிலீஷ் 'யு' எழுத்துப்போல வளைந்த கண்ணாடிக்குழாய், உள்ளே பாதரசம், அதன்மேல் இரண்டு குட்டி இரும்பு முட்கள். ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் அடிமட்டக் குளிரையும் அந்த முட்கள் அங்கங்கே நின்று காட்டிக் கொடுத்துவிடும். மறுநாள் காலை ஒரு காந்தத்தால் அவற்றை இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை யாருக்கும் இரவல் தருவதில்லை. ஆகவே நானே போனேன்.

2.2.2002, சனிக்கிழமை. காலை ஆறே கால். நாமக்கல் பஸ் நிலையம். செம்மேட்டுக்கு டிக்கெட் பதினாறு ரூபாய். தேன்மொழி மடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, என் மடியில் இன்னொன்று. இரண்டிலும் ஈர மணல். கண்டக்டர் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க சார், உள்ள என்னங்க?"

"மணல்."

"மணலுங்களா? இந்த பஸ்ல அரிசி மூட்டை போயிருக்குது, கருவாடு போயிருக்குது, ஒருக்கா கண்ணுக்குட்டி கூடப் போயிருக்குது. மலைக்கு மணல் கொண்டு போற ஆளை இன்னைக்குத்தானுங்க பாக்குறேன்."

"மணலுக்குள்ள புழு முட்டை இருக்குதுங்கண்ணா," என்றாள் தேன்மொழி.

"எத்தனை இருக்கும் கண்ணு?"

"ரெண்டு லட்சம் இருக்கும்."

"பொரிக்கிறதுக்குள்ள எறங்கிருவீங்கல்ல? பொரிச்சா அரை டிக்கெட் போடோணும்."

சேந்தமங்கலம் தாண்டியதும் வலப்பக்கம் மலை நீலமாக எழுந்தது. அடிவாரமான காரவள்ளியில் பஸ் ஐந்து நிமிடம் நின்றது. டீ ஒன்றரை ரூபாய். அங்கே நிழலில் 23 டிகிரி. இனி எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. நான் சாதாரண வெப்பமானி ஒன்றையும் கொண்டு போயிருந்தேன். அதை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டேன். முன் இருக்கையில் முருங்கைக்காய்க் கட்டோடு இருந்த அம்மாள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பஸ்ஸுக்குக் காய்ச்சலுங்களா?" என்றார்.

"இல்லைங்க, மலைக்குக் குளிர் காய்ச்சல் இருக்கான்னு பாக்கிறோம்."

"குளுரு இருக்குது. காய்ச்சல்தான் இப்பக் கம்மி," என்று அவர் கட்டைச் சரிசெய்துகொண்டார்.

அந்த அம்மாள் விளையாட்டாகச் சொன்னதுதான் தேன்மொழியின் ஆராய்ச்சிப் பொருள். முப்பதாவது வளைவுக்கும் அறுபதாவது வளைவுக்கும் இடையில் அவள் எனக்கு அதை விளக்கினாள். மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி, நோயாளியின் ரத்தத்தோடு கொசுவின் வயிற்றுக்குள் போகிறது. போனவுடனே அது அடுத்த ஆளுக்குத் தொற்றிவிடாது. வயிற்றில் வளர்ந்து, முற்றி, கொசுவின் எச்சிலுக்கு வந்து சேர வேண்டும். சமவெளிச் சூட்டில் இதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள். குளிர் கூடக் கூட வளர்ச்சி மெதுவாகும். பதினாறு டிகிரி வாக்கில் ஏறக்குறைய நின்றே போகுமாம். கொசுவின் ஆயுளோ சில வாரங்கள்தான்.

"ஒட்டுண்ணி செம்மேட்டுக்கு டிக்கெட் எடுத்திருக்கு மாமா. ஆனா குளிர்ல பஸ் நகரவே மாட்டேங்குது. அது போய்ச் சேர்றதுக்குள்ள பஸ்ஸே செத்துப்போகுது."

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "நம்ம பஸ்ஸைச் சொல்லலையே கண்ணு?"

"அப்போ குளிர் நமக்கு நண்பன்," என்றேன்.

"பாதி நண்பன்," என்றாள் அவள், மடியிலிருந்த டப்பாவைத் தட்டி. "இதுக்குள்ள இருக்கிறது கொசுவுக்கு எமன். நூற்புழு. தண்ணியில விட்டா முட்டை பொரிச்சு, கூத்தாடிப்புழுவோட, அதான் கொசுக்குஞ்சோட, உடம்புக்குள்ள நுழைஞ்சிரும். உள்ளேயே வளர்ந்து, ஒரு நாள் கூத்தாடியைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். கூத்தாடி செத்துரும், கொசுவா மாறவே மாறாது. மனுசனை, மாட்டை, மீனை ஒண்ணும் பண்ணாது. சமவெளியில நல்லா வேலை செய்யுது. ஆனா இதுக்கும் சூடு வேணும்."

நோய் பரப்பும் கொசுவுக்குள்ளே இரண்டு விருந்தாளிகள். ஒன்று நமக்கு எதிரி, மற்றொன்று கொசுவுக்கு எதிரி. குளிர் இரண்டு பேருக்கும் ஒரே வாசலைத்தான் சாத்துகிறது. செம்மேட்டில் இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால். வெயிலிலேயே 17 டிகிரி. என் மணிக்கட்டு ஜன்னல் காற்றில் விறைத்திருந்தது.

அங்கிருந்து வளப்பூர் நாட்டுக்கு வேறு பஸ்; இந்த மலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள். வழியெங்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருந்தது. பலாவில் பிஞ்சுகள் கட்டைவிரல் அளவில். நாங்கள் தேடிப் போனது பொன்னுசாமி, வெள்ளையம்மாள் என்ற கணவன் மனைவியின் வீட்டை. போன மாதம் கொசுப்புழு சேகரிக்க வந்தபோது தேன்மொழிக்கு அவர்கள் பழக்கம். வீட்டுக்குப் பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் தேங்கும் குட்டை. முப்பதடி அகலம் இருக்கும். குட்டைக்குக் கீழே நிழல் பந்தலில் மிளகு நாற்றுப் பைகள் வரிசை வரிசையாக. மழைக்காலம் தொடங்கும்போது அந்த நாற்றுகளை விற்றுத்தான் வெள்ளையம்மாள் தன் வருடத்தை ஓட்டுகிறார். குட்டைத் தண்ணீர் இல்லாவிட்டால் நாற்று இல்லை.

ஆனால் குட்டையின் கரையில் புதிதாக ஒரு செம்மண் குவியல் நின்றது. லாரி லோடு.

விஷயம் இதுதான். குட்டை பொன்னுசாமிக்கும் அவருடைய அண்ணன் காளியண்ணனுக்கும் பொது. குட்டைக்கு அந்தப் பக்கம் காளியண்ணன் தகரக்கூரை போட்டு, நீலச்சாயம் பூசி, இரண்டு அறைகள் கட்டியிருக்கிறார். வாசலூர்பட்டிப் படகுத்துறைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு. முதலில் வந்த குடும்பம் கொசுக்கடி தாங்காமல் விடியும் முன்பே கிளம்பிப் போய்விட்டது. அது போதாதென்று, அறை கட்ட வந்த சமவெளி ஆட்களில் ஒருவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. ரத்தம் சோதித்ததில் மலேரியா என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். காளியண்ணன் அன்றைக்கே குட்டையை மூட மண்ணுக்குச் சொல்லிவிட்டார். தேன்மொழி போன மாதம் அவரைக் கெஞ்சிக் கேட்டிருந்தாள்: புழு இந்தக் குளிரில் வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை பொறுங்கள். அவர் கொடுத்த தவணை பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை.

நாங்கள் பையை இறக்கியதுமே காளியண்ணன் வந்துவிட்டார். ஐம்பது வயது, மஃப்ளர், நல்ல சிரிப்பு.

"வாங்க வாங்க. புழு வந்திருச்சா? மண்ணும் வந்திருச்சு. எது மொதல்ல குட்டைக்குள்ள எறங்குதுன்னு பாத்துருவோம்."

வெள்ளையம்மாள் கணவனின் அண்ணனோடு நேராகப் பேசுவதில்லை. அது அங்கே மரியாதை. ஆகவே கணவரைப் பார்த்து, மறுகரைக்கும் கேட்கும் குரலில் பேசினார்.

"ஏனுங்க, உங்கண்ணன்கிட்டச் சொல்லுங்க. வந்தவிய மொதல்ல கூழு குடிக்கட்டும்."

"டேய் பொன்னு, உம்பொண்டாட்டிகிட்டச் சொல்லு. நானும் குடிக்கத்தான் வந்தேன்."

இருவருக்கும் நடுவில், ஓரடி இடைவெளியில் நின்ற பொன்னுசாமி என்னைப் பார்த்தார். "நான் எதுக்குங்க நடுவுல? தந்திக்கம்பியா?"

படுக்க இடம் தேன்மொழிக்கு வெள்ளையம்மாள் வீட்டில், எனக்குக் காளியண்ணனின் புது அறையில். வாடகை வாங்க மறுத்துவிட்டார். "காசு வேண்டாமுங்க. கடி வாங்கிப் பாருங்க. வாங்கிட்டு ஞாயம் சொல்லுங்க." முதல் ராத்திரி முடிந்து விடிந்தபோது அவர் கட்சியில் ஒரு நியாயம் இருப்பதை என் இரண்டு காதுகளும் ஒப்புக்கொண்டன.

3.2.2002, ஞாயிறு. சோதனை தொடங்கியது. இரண்டு வெள்ளை எனாமல் தட்டுகளில் குட்டைத் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஐம்பது கூத்தாடிப்புழு, ஒரு கரண்டி மணல். ஒரு தட்டு சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்து மேடையில். இன்னொன்று வராந்தாவில், பனி படும் இடத்தில். முதல் தட்டு சமவெளி மாதிரி, இரண்டாவது மலை மாதிரி. வராந்தாத் தட்டில் புழுக்கள் வளர்ந்தால் குட்டையிலும் வளரும், மண் கொட்ட வேண்டியதில்லை. வளராவிட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. என் சுவர் வெப்பமானி வராந்தாத் தூணில் ஏறியது.

வெள்ளையம்மாள் இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப வெளிய இருக்கிறது பொழைச்சாத்தான் குட்டை பொழைக்குமா கண்ணு?"

"ஆமாங்கக்கா."

 அவர் வராந்தாத் தட்டுக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியை, தொட்டில் பிள்ளைக்குப் போர்த்துவதுபோலப் போர்த்தினார்.

4.2.2002, திங்கள். காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. வாசலூர்பட்டிக்குப் போனோம். சிறிய ஏரி, மிதிபடகுகள், பலாச்சுளை விற்பவர் இன்னும் வராத பருவம். தேன்மொழி படகிலிருந்து குனிந்து கரண்டியால் தண்ணீர் மொண்டு மொண்டு பார்த்தாள். படகுக்காரர் பயந்துபோய், "ஏனுங்கம்மணி, எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா? வளையலா?" என்றார். கொசுப்புழு தேடுவதாகச் சொன்னதும், "சத்தமாச் சொல்லாதீங்க, வாரவிய திரும்பிப் போயிருவாங்க," என்று வேகமாக மிதித்து எங்களை நடு ஏரிக்குக் கொண்டுபோய்விட்டார். ஏரியில் ஒரு புழுவும் அகப்படவில்லை. மீன்கள் இருப்பது காரணமாக இருக்கலாம். குட்டையிலும் மீன் விடலாமே என்று கேட்டேன். கோடையில் அதில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் நிற்பதில்லையாம். போன முறை விட்ட மீன்களைக் கொக்கு ஒன்று தின்று தீர்த்ததாம்.

5, 6 தேதிகள். காலை ஆறரைக்குத் தூணில் பார்க்கிறேன்: இரவின் அடிமட்டம் ஒரு நாள் 13, மறுநாள் 12. அதே நேரத்தில் வராந்தாத் தட்டின் தண்ணீரில் சாதாரண வெப்பமானியை முக்கினால் 20. எனக்கு இது உறுத்தியது. தண்ணீர் சூட்டைத் தக்கவைக்கும் என்றாள் தேன்மொழி. தக்கவைக்கும்தான், இரண்டு அங்குல ஆழத் தட்டு, விடிய விடியப் பனியில் இருந்துவிட்டு இவ்வளவா? என் கருவிமேலேயே சந்தேகம் வந்தது. இரண்டு வெப்பமானிகளையும் ஒரே செம்புத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவைக் காட்டின.

7.2.2002, வியாழன். கைப்பூதக்கண்ணாடியில் தேன்மொழி தட்டுகளைப் பார்த்தாள். சமையலறைத் தட்டில், பாதிக்கு மேற்பட்ட கூத்தாடிகளின் மார்புக்குள் வெள்ளை நூல் சுருட்டி வைத்ததுபோலத் தெரிந்தது. நூற்புழு வளர்ந்துவிட்டது. அடுத்து வராந்தாத் தட்டு. அவள் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"மாமா, இதுலயும் இருக்குது. பன்னெண்டு டிகிரிப் பனியில! எங்க ஆளுங்க யாரும் நம்ப மாட்டாங்க."

வெள்ளையம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்று மதியம் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். செய்தி மறுகரைக்கும் போயிற்று. காளியண்ணன் நாளை சாயங்காலம் வந்து தன் கண்ணால் பார்ப்பதாகப் பொன்னுசாமியிடம் சொல்லி அனுப்பினார். நான் மட்டும் வராந்தாத் தட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். தண்ணீரின்மேல் நகம் அளவில் சாம்பல் துணுக்கு ஒன்று மிதந்தது. வராந்தாவில் சாம்பலுக்கு என்ன வேலை?

8.2.2002, வெள்ளி. அன்று வழக்கத்துக்கு முன்னதாகவே, கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோதே குட்டையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தேன். வராந்தாவில் தட்டு இல்லை. போர்த்தியிருந்த துணி மட்டும் மடித்து வைத்திருந்தது. சமையலறைக் கதவு திறந்தது. வெள்ளையம்மாள் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு சொட்டும் சிந்தாமல், அடிமேல் அடி வைத்து வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். தண்ணீர் மட்டும் லேசாக ஆடியது.

"குளுருதுங்கையா," என்றார்.

"தட்டுக்கா?"

"தை மாசம் கூழு மாவே இங்க புளிக்காது. பானையை அடுப்போரம் வெச்சாத்தான் புளிக்கும். இந்தப் பச்சை மண்ணுக எப்படிங்க தாங்கும்? ஒண்ணை ஊட்டுக்குள்ள வெச்சுட்டு ஒண்ணை வெளிய போட்டா ஞாயமா? அல்லாரும் படுத்தப்புறம் எடுத்துட்டுப் போவேன், அடுப்புப் பத்தவைக்கையில கொண்டாந்து வெச்சிருவேன்." குரலைத் தாழ்த்தினார். "இது பொழைச்சாத்தான குட்டை பொழைக்கும்னு அந்தக் கண்ணு சொல்லுச்சு."

எழுந்து வந்த தேன்மொழி கதவருகில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படியில் உட்கார்ந்தாள், தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிப்பு. சிரித்து முடித்தபின்தான் முகம் வாடியது. குளிர்த்தட்டு என்று ஒன்று இருந்ததே இல்லை. இருந்ததெல்லாம் இரண்டு அடுப்புத் தட்டுகள். மறுபடி தொடங்க நாள் இல்லை, ஞாயிறு தவணை.

வெள்ளையம்மாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் அவர் முதலில் சொன்னது: "செரி. அது ஆருக்குத் தெரியும்?"

"நமக்குத் தெரியுமேக்கா."

"நாம மூணு பேரும் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா? தட்டுல புழு இருக்குது. பொய்யா இருக்குது? நெசமாத்தான இருக்குது."

தேன்மொழி நாற்றுப் பந்தலைப் பார்த்தாள். செம்மண் குவியலைப் பார்த்தாள்.  நான் அந்தப் பகலைக் குட்டையில் கழித்தேன். விடியலில் குட்டைத் தண்ணீர் 16. உச்சிப் பொழுதில் ஆழத்தில் 19. ஆனால் வெயில் விழும் மேற்குக் கரையோரம், அரையடித் தண்ணீரில், 24. கூத்தாடிகள் பெரும்பாலும் அந்தக் கரையோரத்தில்தான் மிதந்தன. குட்டை ஒரு தட்டு அல்ல. அதற்குள்ளேயே அடிவாரமும் உண்டு, மலையுச்சியும் உண்டு. ஆனால் அந்தக் கரையோரச் சூடு ஒரு நாளில் மூன்று மணி நேரம்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் காளியண்ணன் வந்தார். பூதக்கண்ணாடியை வாங்கி முதல் தட்டைப் பார்த்தார், இரண்டாம் தட்டைப் பார்த்தார்.

"அட, ஆமா! பூணூல் போட்ட மாதிரி உள்ள கெடக்குது. செரி கண்ணு, நீ ஜெயிச்சுட்ட. மண்ணை நாளைக்கே..."

"அண்ணா, ஒரு நிமிசம்," என்றாள் தேன்மொழி.

வெள்ளையம்மாள் விறகை நங்கென்று கீழே போட்டார்.

தேன்மொழி எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு ராத்திரியில் அடுப்போரம் போனது, விடியலில் திரும்பி வந்தது, குளிரில் இந்தப் புழு வளருமா என்பது தனக்கு இன்னும் தெரியாது என்பது. காளியண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். தம்பியைப் பார்த்தார். மஃப்ளரால் வாயை மூடிப் பார்த்தார். முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"டேய் பொன்னு! கூத்தாடிக்குக் குளுர் காயவெச்ச மொத ஆளு உம்பொண்டாட்டிதாண்டா! கொசுவுக்குச் சட்டை தெச்சுப் போடலையே!"

"ஏனுங்க, உங்கண்ணன்கிட்டச் சொல்லுங்க. இவிய ரூமுக்கு வார ஆளுகளுக்கு அந்த ஊட்டுல ஒரு வெந்தண்ணி வெச்சுக் குடுக்க ஆளில்லை. நான் கூத்தாடிக்கே வெச்சுக் குடுத்தேன்னு சொல்லுங்க."

"கேட்டுச்சுங்களாண்ணா?" என்றார் பொன்னுசாமி.

"கேட்டுச்சு, கேட்டுச்சு." சிரிப்பு அடங்கியதும் காளியண்ணன் தேன்மொழியிடம் திரும்பினார். "ஏங்கண்ணு, நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கெப்படித் தெரியும்?"

"இப்பத் தெரியாதுங்க. சித்திரையில உங்க ரூம்ல ஆளுங்க படுத்தாத் தெரிஞ்சிரும்."

அவர் குட்டைப் பக்கம் கை நீட்டினார். "செரி, இந்தக் குட்டை எப்பத்தான் சூடாவும்?"

இந்தக் கேள்வி எனக்கு. விடியலின் 16, கரையோரத்தின் 24 இரண்டையும் சொன்னேன். பங்குனியில் இரண்டும் ஏறும் என்றேன். தேன்மொழி ஒளிக்காமல் மறுபக்கத்தையும் சொன்னாள்: தண்ணீர் சூடானால் நூற்புழுவுக்கு நல்லது, மலேரியா ஒட்டுண்ணிக்கும் அதுவே நல்லது. எது முந்தும் என்பதுதான் கேள்வி. அதனால் காய்ச்சலோடு யார் வந்தாலும் ரத்தம் சோதிக்காமல் அறையில் தங்கவிடக் கூடாது.

"அப்ப ஒண்ணு பண்ணலாம். பங்குனி முச்சூடும் பாக்குறேன். சித்திரை பத்து வரைக்கும். கொசு கொறைஞ்சாக் குட்டை இருக்கட்டும். கொறையலைன்னா மண்ணு. ஆனா மண்ணை இப்ப எடுக்க மாட்டேன். அது அங்கயே நிக்கட்டும். கண்ணுல பட்டாத்தான் எல்லாத்துக்கும் புத்தி இருக்கும்."

"எங்களுக்குங்களா, புழுவுக்குங்களா?" என்று கேட்டார் பொன்னுசாமி. தந்திக்கம்பிக்குப் பிறகு அவர் சொந்தமாகச் சொன்ன ஒரே கிண்டல் அது.

9.2.2002, சனி. உச்சிப் பொழுதில், மேற்குக் கரையோரம் 24 டிகிரி காட்டிய நேரம் பார்த்து, மீதி மணல் முழுவதையும் கரண்டி கரண்டியாகத் தண்ணீரில் தூவினோம். காளியண்ணனும் ஒரு கை போட்டார். வெள்ளையம்மாள் போடும்போது தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, "இன்னங் கொஞ்சம் சூடு பத்தாது," என்றார்.

"குட்டையைத் தூக்கி அடுப்போரம் வெக்க முடியாதுங்கக்கா," என்றாள் தேன்மொழி.

"நீ இன்னம் ரெண்டு நாளு இருந்தீன்னா வெச்சுக் காட்டுவேன் சாமி."

10.2.2002, ஞாயிறு. புறப்படும் நாள். தூணில் 14 டிகிரி. முட்களைக் காந்தத்தால் கடைசியாக இழுத்துவிட்டு வெப்பமானியைத் துண்டில் சுற்றினேன். அப்போது மறுகரையிலிருந்து குரல் வந்தது.

"டேய் பொன்னு! உம்பொண்டாட்டி என்ற மண்ணுமேல ஏறி நின்னுக்கிட்டு என்னடா பண்றா?"

செம்மண் குவியலின் உச்சியில் வெள்ளையம்மாள் களைக்கொத்தால் குழி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"ஏனுங்க, உங்கண்ணன்கிட்டச் சொல்லுங்க. பூசணி வெதை ஊனுறேன். நல்ல மண்ணு, சும்மா நிக்குது. கொடி படர்ந்து பிஞ்சு விட்டப்புறம் ஆரும் கடப்பாரை வெக்கப் படாது. மொதக் காய் அவிய ஊட்டுக்குத்தான்."

 மறுகரையில் தகரக்கூரை அதிரும்படி ஒரு சிரிப்பு.

செம்மேட்டில் அதே பஸ், அதே கண்டக்டர்.

"மணல் எங்கீங்க சார்?"

"குட்டையில போட்டாச்சு."

"புழு?"

"அதுவும்தான்."

"போறப்ப ரெண்டு லட்சம் பேரு, வரப்ப ரெண்டு பேரு. கம்பெனி நட்டத்துல ஓடுது," என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

எழுபது வளைவுகளிலும் வெப்பமானியை ஜன்னலுக்கு வெளியே பிடித்தேன். காரவள்ளியில் 29. நாமக்கல்லில் வீட்டுச் சுவரில் பழைய ஆணியில் மாட்டியபோது 31. அன்று சாயங்காலமே எங்கள் தெருச் சாக்கடைக் கொசு வந்து காதில் பாடியது. அடித்தேன். மலையில் ஒன்பது நாள் கடி வாங்கியவன், ஊரில் முதல் கொசுவை உள்ளங்கையில் விரித்து வைத்து, இது எத்தனை டிகிரியில் பிறந்ததோ, வயிற்றுக்குள் யார் எதுவரை டிக்கெட் எடுத்திருந்தாரோ என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். என் மனைவி கைகழுவிவிட்டு வரச் சொன்னாள்.

சித்திரை பத்து, அதாவது 23.4.2002 அன்று, தேன்மொழி மட்டும் மலைக்குப் போய் வந்தாள். அவள் அனுப்பிய அஞ்சலட்டையில் இருப்பது: பூசணிக்கொடி மண் குவியலை முழுதும் மூடிவிட்டது. காளியண்ணன் மண்ணை அள்ளவில்லை. போன வாரம் தங்கிய குடும்பம் விடியும் முன் ஓடவில்லை என்பது அவர் வாக்குமூலம். குட்டையில் மொண்டெடுத்த கூத்தாடிகளில் பத்துக்கு ஒன்றிரண்டின் மார்புக்குள் வெள்ளை நூல் இருந்தது.

இதோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த வகைப் புழுக்கள் சில குட்டைகளில் தாமாகவே வாழ்வதுண்டாம். நாங்கள் மணல் தூவுவதற்கு முன் தேன்மொழி அந்தக் குட்டையில் பார்த்த கூத்தாடிகள் எதிலும் நூல் இல்லை என்பது உண்மை. ஆனால் அவள் பார்த்ததெல்லாம் தை மாதக் குளிரில். குளிரில் இல்லாததால் அது அங்கே என்றுமே இருந்ததில்லை என்று ஆகாது. சித்திரையில் கண்ட அந்த வெள்ளை நூல் பதினாறு ரூபாய் டிக்கெட்டில் நாங்கள் மடியில் ஏந்திக் கொண்டுபோன மணலிலிருந்து வந்ததா, அல்லது குட்டையிலேயே வெயிலுக்குக் காத்துக் கிடந்ததா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதி செய்யப்படவில்லை.